பிஎச்பியில் பழைய கோப்பின் கடைசியில் புதிய தகவலைச் சேர்ப்பது எப்படி?

இணையதளத்தில் ஒரு கருத்துப் பெட்டி வைத்திருக்கிறீர்கள். யாராவது எழுதி அனுப்பினால் அது ஒரு கோப்பில் போய்ச் சேர வேண்டும். முதல் கருத்து வந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால் இருக்கிறது. இரண்டாவது வந்தது. இப்போது திறந்தால் இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது, முதலாவதைக் காணோம்! பிழைச் செய்தியும் எதுவும் வரவில்லை. வராதுதான், ஏனென்றால் பிஎச்பியைப் பொறுத்தவரை தவறு எதுவும் நடக்கவில்லை. கோப்பைக் காலி செய்துவிட்டு எழுது என்று சொன்னீர்கள், அது அப்படியே செய்தது.

பழையதை அழிக்காமல் கடைசியில் சேர்த்து எழுதுவதைத்தான் அப்பெண்ட் என்கிறார்கள். அதைச் செய்ய ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் போதும். ஆனால் அந்த எழுத்து உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், பின்னால் வரும் பாதிச் சிக்கல்கள் வராமலே போய்விடும். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஃபங்ஷன் பெயர்களையும், 'ஏ', ஃபைல்_அப்பெண்ட் போன்ற மற்றக் குறிகளையும் உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் நிரலில் அவற்றை வழக்கம்போல ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். வேரியபிள் பெயர்கள் வேறு கதை. பிஎச்பி அவற்றைத் தமிழிலேயே ஏற்றுக்கொள்ளும். கீழே வரும் $கோப்பு, $வரி இரண்டும் அப்படியே ஓடும்.

திற, எழுது, மூடு

பழைய முறையில் இந்த வேலைக்கு மூன்று வரிகள் வேண்டும்.

$கோப்பு = எஃப்ஓபன்('கருத்துகள்.டிஎக்ஸ்டி', 'ஏ');
எஃப்ரைட்($கோப்பு, $வரி);
எஃப்குளோஸ்($கோப்பு);

முதல் வரி கோப்பைத் திறக்கிறது, இரண்டாவது எழுதுகிறது, மூன்றாவது மூடுகிறது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-ல் தன் சொந்தப் பக்கத்துக்காக உருவாக்கிய முதல் பிஎச்பி, சி மொழியில் எழுதப்பட்ட சில சிறு நிரல்களின் தொகுப்பு. இந்த ஃபங்ஷன் பெயர்களும் சி மொழியில் இருப்பவைதான். திறக்கும்போது கொடுக்கிற ஒற்றை எழுத்து மோடும், அதாவது கோப்பை எந்த விதமாகத் திறப்பது என்று சொல்லும் குறியும், அங்கிருந்தே வந்தது. அதனால்தான் அது இவ்வளவு சுருக்கமாக, புதிதாக வருகிறவருக்குப் புரியாதபடி இருக்கிறது.

'டபிள்யூ' என்று கொடுத்துத் திறந்தால் கோப்பில் இருப்பதெல்லாம் போய்விடும். எப்போது போகிறது என்பதைக் கவனியுங்கள். எழுதும்போது அல்ல, திறந்த அந்தக் கணத்திலேயே! திறந்துவிட்டு ஒரு எழுத்துகூட எழுதாமல் மூடினாலும் கோப்பு காலிதான். 'ஏ' என்று கொடுத்தால் பழையது அப்படியே இருக்கும், புதியது கடைசியில் சேரும். கோப்பே இல்லையென்றால் இரண்டுமே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். ஆகவே முதல் முறை ஓட்டிப் பார்க்கும்போது இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டாம் முறைதான் குட்டு வெளிப்படும்.

படிப்பதற்கான 'ஆர்' மோடுடன் கூட்டல் குறி சேர்த்தால் படிக்கவும் எழுதவும் முடியும் என்று படித்துவிட்டு, சிலர் அதையே சேர்த்து எழுதவும் பயன்படுத்துகிறார்கள். அது இன்னொரு வகை வம்பு. அந்த மோடில் கோப்பு அழியாது, ஆனால் எழுதும் இடம் கோப்பின் தொடக்கத்தில் இருக்கும். கோப்பில் 1234567890 என்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த மோடில் திறந்து 99 என்று எழுதினால் கிடைப்பது 9934567890. புதியது பழையதை நகர்த்திவிட்டு உட்காராது, அதன் மேலேயே எழுதிவிடும். உள்ளே தமிழ் இருந்தால் இன்னும் மோசம். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். மேலெழுதல் அந்த மூன்றின் நடுவில் போய் நின்றால், பாதி எழுத்து உடைந்து கேள்விக்குறி போட்ட கட்டமாகத் தெரியும்.

மற்ற மோடுகளை இப்போதைக்குப் பெயரளவில் தெரிந்துகொண்டால் போதும். 'எக்ஸ்' ஏற்கெனவே கோப்பு இருந்தால் திறக்கவே மறுத்துவிடும். 'சி' அழிக்காமல் திறக்கும், ஆனால் தொடக்கத்தில் நிற்கும். நம் வேலைக்கு 'ஏ'. படிக்கவும் வேண்டுமென்றால் அதனுடன் ஒரு கூட்டல் குறி.

'ஏ' மோடில் திறந்த கோப்பில் எஃப்சீக் கொண்டு நடுவில் எங்காவது போய் நின்று எழுதப் பார்த்தீர்கள் என்றால் பலிக்காது. படிக்கும் இடம் வேண்டுமானால் நகரும், எழுதுவது எப்போதும் கடைசியில்தான். இது பிஎச்பி தானாகப் போட்ட விதி என்று சொல்ல முடியாது. அடியில் இருக்கும் இயங்குதளத்திடம், 'இந்தக் கோப்பில் நான் எழுதும் ஒவ்வொரு முறையும் முதலில் கடைசிக்குப் போய்விட்டு எழுது' என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் உறுதிமொழி அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதும் இடத்தில் இதுதான் நம்மைக் காப்பாற்றப் போகிறது.

ஒரே வரியில் முடிக்க

பிஎச்பி 5, 2004-ல் வந்தபோது ஃபைல்_புட்_கன்டென்ட்ஸ் என்ற ஃபங்ஷனும் வந்தது. திற, எழுது, மூடு மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். சும்மா கூப்பிட்டால் 'டபிள்யூ' போலத்தான் நடந்துகொள்ளும், அதாவது பழையதை அழித்துவிடும். சேர்த்து எழுத மூன்றாவதாக ஒரு கொடியை, அதாவது எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் குறியை, கொடுக்க வேண்டும்.

ஃபைல்_புட்_கன்டென்ட்ஸ்('கருத்துகள்.டிஎக்ஸ்டி', $வரி, ஃபைல்_அப்பெண்ட் | லாக்_எக்ஸ்);

லாக்_எக்ஸ் கோப்பைப் பூட்டுவதற்கான இன்னொரு கொடி, அதைப் பின்னால் பார்ப்போம். நடுவில் இருக்கும் செங்குத்துக் கோடு, இரண்டு கொடிகளையும் சேர்த்துக் கொடு என்பதற்கான குறி. ஃபைல்_அப்பெண்ட் என்பதன் மதிப்பு 8, லாக்_எக்ஸ் என்பதன் மதிப்பு 2, சேர்ந்தால் 10. இந்த எண்களை நேரடியாகப் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் ஆறு மாதம் கழித்து நிரலைப் படிக்கும்போது 10 என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியாது. பெயரையே எழுதுங்கள்.

எப்போது எதைப் பயன்படுத்துவது? ஒரு ரிக்வெஸ்டுக்கு, அதாவது உலாவியிலிருந்து வரும் ஒரு கோரிக்கைக்கு, ஒரு வரி எழுதுகிறீர்கள் என்றால் ஒரே வரி ஃபங்ஷன் போதும், நானும் அதைத்தான் எழுதுவேன். ஆயிரக்கணக்கான வரிகளை ஒரு சுழற்சிக்குள் எழுதுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் திறந்து மூடுவது வீண் வேலை. அங்கே எஃப்ஓபன் கொண்டு ஒருமுறை திறந்து, எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஒருமுறை மூடுங்கள்.

வரி முடிவு என்னும் தலைவலி

சரி, 'ஏ' போட்டாயிற்று, பழைய கருத்துகள் அழியவில்லை. கோப்பைத் திறந்தால் இப்படி இருக்கிறது:

பக்கம் நன்றாக இருக்கிறதுஎழுத்து சற்றுச் சிறியதுநன்றி

எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக! பிஎச்பி நீங்கள் கொடுத்ததை மட்டும்தான் எழுதும், வரியைத் தானாக முடிக்காது. ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் வரிமாற்றக் குறியை நீங்களேதான் சேர்க்க வேண்டும். அதற்கு பேக்ஸ்லாஷ் போட்டு 'என்' எழுத்தை எழுதுவது வழக்கம்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. அதை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால்தான் வரிமாற்றமாகும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் பிஎச்பி அதை வெறும் இரண்டு எழுத்துகளாக எடுத்துக்கொள்ளும். கோப்பைத் திறந்து பார்த்தால் சொற்களுக்கு நடுவே பேக்ஸ்லாஷும் 'என்'-உம் அப்பட்டமாக உட்கார்ந்திருக்கும். அப்படிக் கண்டால் நிரலின் மற்ற இடங்களைத் தோண்டாதீர்கள், மேற்கோள் குறியைப் பாருங்கள்.

பிஎச்பி_இஓஎல் என்ற மாறிலியையும் பலர் பயன்படுத்துகிறார்கள். அது ஓடும் கணினிக்கு ஏற்ற வரிமாற்றத்தைத் தரும். லினக்ஸில் 1 பைட், விண்டோஸில் 2 பைட். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விண்டோஸ் கணினியில் வைத்துச் சோதித்த கோப்பை லினக்ஸ் சர்வரில் ஏற்றி அங்கே தொடர்ந்து எழுதினால், ஒரே கோப்பில் இரண்டு வகை வரிமுடிவுகள் கலந்துவிடும். சேமித்து வைத்துத் திரும்பப் படிக்கப்போகும் கோப்புக்கு எங்கும் ஒரே வகையாக அந்த 1 பைட் குறியையே போடுவது நல்லது என்பது என் கருத்து.

குறியை எங்கே போடுவது, பதிவுக்கு முன்பா பின்பா? பின்பு போடுங்கள். ஒவ்வொரு பதிவும் தன் வரியைத் தானே முடித்துக்கொண்டால், அடுத்து வருவதற்குச் சுத்தமான புது வரி காத்திருக்கும். முன்பு போட்டால் கோப்பின் முதல் வரி காலியாக இருக்கும். ஏற்கெனவே வேறு யாரோ கையால் தட்டி, கடைசி வரியை முடிக்காமல் சேமித்த கோப்பு என்றால் மட்டும் முதல் பதிவு அந்த வரியோடு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை கையால் சரிசெய்துவிட்டால் போதும்.

எழுதியது உண்மையிலேயே எழுதப்பட்டதா?

எஃப்ரைட்டும் ஃபைல்_புட்_கன்டென்ட்ஸும் எத்தனை பைட் எழுதினோம் என்று திருப்பிச் சொல்லும். எத்தனை எழுத்து என்று அல்ல. 'சரி' என்று எழுதி ஒரு வரிமாற்றமும் போட்டால் கிடைப்பது 10. பார்க்க இரண்டு எழுத்துதான், ஆனால் ச, ர, இகரக் குறி என்று உள்ளே மூன்று குறியீடுகள். தலா 3 பைட், ஆக 9. வரிமாற்றத்துக்கு 1. எஸ்டிஆர்லென் ஃபங்ஷனும் இதே கணக்கில்தான் எண்ணும் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டு முழுவதும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கலாம்.

தோற்றால் ஃபால்ஸ் கிடைக்கும். இங்கே மூன்று சமக் குறி போட்டுச் சோதிக்க வேண்டும். காலியான சரத்தை எழுதினால் 0 பைட் என்று சரியான பதிலே வரும். இரண்டு சமக் குறியோடு சோதித்தால் பிஎச்பி 0-வையும் ஃபால்ஸையும் ஒன்றாகக் கருதி, நடக்காத தோல்வியை நடந்ததாகச் சொல்லிவிடும்.

தோல்விக்குப் பெரும்பாலும் காரணம் பெர்மிஷன்தான். உங்கள் கணினியில் நன்றாக ஓடிய நிரல் சர்வரில் ஏற்றியதும், அனுமதி மறுக்கப்பட்டது என்ற எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டு எழுதாமல் விட்டுவிடும். சர்வரில் உங்கள் நிரல் உங்கள் பெயரில் ஓடுவதில்லை. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற தனிப் பயனரின் பெயரில் ஓடும். அந்தப் பயனருக்கு அந்தக் கோப்பில் எழுத உரிமை இருக்க வேண்டும், கோப்பு இன்னும் இல்லையென்றால் அந்த ஃபோல்டரில் எழுத உரிமை இருக்க வேண்டும். இணையத்தில் தேடினால் 777 என்று பெர்மிஷன் கொடுத்துவிடு என்று பத்துப் பேர் சொல்வார்கள். வேலை செய்யும்தான். கூடவே அந்த சர்வரில் இருக்கும் எவரும் அந்த ஃபோல்டரில் எதையும் எழுதலாம் என்றும் ஆகிவிடும். ஃபோல்டரின் உரிமையாளரை மாற்றுவதே முறையான வழி.

ஃபோல்டரே இல்லையென்றால்? 'ஏ' மோட் கோப்பைத்தான் உருவாக்கும், ஃபோல்டரை உருவாக்காது. அதை முன்கூட்டியே நீங்கள்தான் உருவாக்கி வைக்க வேண்டும்.

எஃப்ஓபன் தோற்றதைக் கவனிக்காமல் அடுத்த வரியில் எஃப்ரைட் போட்டிருந்தால், பழைய பிஎச்பி ஒரு எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. பிஎச்பி 8 முதல் டைப்எர்ரர் என்ற பிழையை எறிந்து பக்கத்தையே நிறுத்திவிடும். பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது திடீரென்று பக்கம் வெள்ளையாகிப்போனால் இதையும் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எழுதியதாக நிரல் சொல்கிறது, ஆனால் கோப்பில் காணோம். அநேகமாக வேறு ஏதோ ஃபோல்டரில் அதே பெயரில் இன்னொரு கோப்பு உருவாகியிருக்கும். வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், அந்த நேரத்தில் நடப்பு ஃபோல்டர் எதுவோ அங்கே எழுதும். உலாவி வழியாக ஓடும்போது ஓர் இடம், கட்டளை வரியில் வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டும்போது இன்னோர் இடம். __டிர்__ என்ற மாறிலி நிரல் இருக்கும் ஃபோல்டரின் முழுப் பாதையைத் தரும். அதை முன்னால் ஒட்டிவிட்டால் எங்கிருந்து ஓட்டினாலும் ஒரே கோப்புதான்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால்

இந்தப் பகுதிக்காகத்தான் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். அப்பெண்ட் பற்றித் தெரியாதவர்கள் தாமாக யோசித்து ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். கோப்பு முழுவதையும் ஒரு வேரியபிளில் படித்துக்கொள், அதன் கடைசியில் புதிய வரியைச் சேர், மொத்தத்தையும் திரும்ப எழுது. கணினியில் தனியாக உட்கார்ந்து சோதித்தால் குறையே தெரியாது.

ஆனால் இணையதளத்துக்கு ஆட்கள் ஒவ்வொருவராக வருவதில்லை. கோப்பில் 100 வரிகள் இருக்கும்போது இரண்டு ரிக்வெஸ்டுகள் ஒன்றாக வருகின்றன என்று வையுங்கள். முதலாவது 100 வரிகளைப் படிக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாவதும் அதே 100 வரிகளைப் படித்துவிடுகிறது. முதலாவது தன் கருத்தைச் சேர்த்து 101 வரிகளாக எழுதுகிறது. அப்புறம் இரண்டாவது, முதலாவது செய்தது தெரியாமல், தன் கையில் இருக்கும் 100 வரிகளோடு தன்னுடையதைச் சேர்த்து 101 வரிகளாக எழுதுகிறது. இரண்டு கருத்துகள் வந்தன, கோப்பில் ஒன்றுதான் கூடியிருக்கிறது. யாருக்கும் பிழைச் செய்தி போகவில்லை. இருவருக்கும் 'நன்றி, உங்கள் கருத்து பதிவானது' என்றே திரையில் வந்திருக்கும்.

'ஏ' மோடில் இது நடக்காது. இரண்டு பேருமே பழையதைத் தொடவில்லை. கடைசிக்குப் போவதையும் எழுதுவதையும் இயங்குதளம் பிரிக்காமல் ஒரே செயலாகச் செய்வதால், யார் முந்தினாலும் இரண்டும் கோப்பில் இருக்கும். முழுவதையும் படித்து எழுதும் முறையில் இன்னொரு செலவும் இருக்கிறது. கோப்பு வளர வளர ஒரு வரி சேர்க்க மொத்தக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டும். பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்பு 128 மெகாபைட். கோப்பு அதை நெருங்கும் நாளில் நிரல் நின்றுவிடும். அப்பெண்டுக்குக் கோப்பு எவ்வளவு பெரியது என்ற கவலையே இல்லை.

அப்படியானால் லாக்_எக்ஸ் எதற்கு? பதிவு நீளமாக இருந்தால் அது ஒரே மூச்சில் போகாமல் துண்டு துண்டாகப் போக வாய்ப்பிருக்கிறது. ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இன்னொருவரின் வரி புகுந்துவிடலாம். லாக்_எக்ஸ் கொடுத்தால் எழுதத் தொடங்கும் முன் கோப்புக்குப் பூட்டுப் போடும், இரண்டாமவர் பூட்டு திறக்கும்வரை காத்திருப்பார். எஃப்ஓபன் முறையில் எழுதுகிறீர்கள் என்றால் எஃப்லாக் ஃபங்ஷனை நீங்களே கூப்பிட வேண்டும்.

லினக்ஸில் இந்தப் பூட்டு ஒரு நாகரிக ஒப்பந்தம் போன்றது. பூட்டு இருக்கிறதா என்று கேட்பவரை மட்டும்தான் அது தடுக்கும். கேட்காமல் எழுதுகிற நிரல் தாராளமாக எழுதிவிட்டுப் போய்விடும். அதனால் ஒரே கோப்பில் உங்கள் நிரலின் மூன்று இடங்களில் எழுதுகிறீர்கள் என்றால், மூன்று இடத்திலும் லாக்_எக்ஸ் இருக்க வேண்டும். இரண்டில் வைத்து ஒன்றில் விட்டால் வைத்ததற்கே பயனில்லை. என் யோசனை, எழுதுவதற்கென்று ஒரு ஃபங்ஷனை நீங்களே உருவாக்கி, எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள்.

அதோடு ஒரு பதிவை ஒரே அழைப்பில் எழுதுங்கள். நேரத்தை ஓர் எஃப்ரைட், கருத்தை ஓர் எஃப்ரைட், வரிமாற்றத்தை ஓர் எஃப்ரைட் என்று பிரித்தால், நடுவில் புக மற்றவருக்கு நீங்களே இடம் விடுகிறீர்கள். முதலில் முழு வரியையும் ஒரு வேரியபிளில் கட்டிக்கொண்டு, பிறகு எழுதுங்கள்.

எதைச் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம்

பதிவோடு நேரத்தையும் சேர்க்க டேட் ஃபங்ஷன் இருக்கிறது. அமைப்பில் நேர மண்டலத்தைச் சொல்லாமல் விட்டால் பிஎச்பி யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைத்தான் தரும். உங்கள் கடிகாரத்துக்கும் கோப்பில் இருப்பதற்கும் பொருந்தவில்லையென்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

நேரம், மதிப்பெண், கருத்து என்று பல தகவல்களை ஒரு வரியில் வைக்க நினைத்தால், நடுவில் காற்புள்ளி போட்டுக் கையால் ஒட்டலாம் என்று தோன்றும். கருத்துக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் கணக்கு குலைந்துவிடும். எஃப்புட்சிஎஸ்வி என்ற ஃபங்ஷனிடம் தகவல்களை அரேயாகக் கொடுங்கள். தேவைப்படும் இடத்தில் மேற்கோள் குறி போட்டு, வரியையும் முடித்து எழுதிவிடும். கோப்பு 'ஏ' மோடில் திறந்திருந்தால் அதுவும் கடைசியில்தான் சேர்க்கும்.

இப்படிக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் கோப்பைத்தான் சிஎஸ்வி என்கிறார்கள். சிஎஸ்வி என்றால் தலைப்பு வரி ஒன்று வேண்டுமே. அது ஒருமுறைதான் வர வேண்டும், ஒவ்வொரு பதிவுக்கும் அல்ல. கோப்பு காலியாக இருந்தால் தலைப்பை எழுது என்று சோதிக்க வேண்டியதுதான். இதற்கு எஃப்டெல் கொண்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்காதீர்கள். 'ஏ' மோடில் அது தரும் விடையை நம்ப முடியாது என்று பிஎச்பி கையேடே சொல்கிறது. எஃப்ஸ்டாட் தரும் அளவைப் பாருங்கள். எக்செலில் தமிழ் குளறுபடியாகத் தெரியாமல் இருக்கக் கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற 3 பைட் அடையாளத்தைப் போடுவார்கள். அதற்கும் இதே விதிதான், கோப்பு காலியாக இருக்கும்போது ஒரே ஒருமுறை. ஃபைல்சைஸ் ஃபங்ஷன் ஒருமுறை கேட்ட விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், எழுதிய பிறகு அதே ஓட்டத்தில் திரும்பக் கேட்டால் பழைய அளவையே சொல்லக்கூடும். நடுவில் கிளியர்ஸ்டாட்கேஷ் கூப்பிட வேண்டும்.

தகவலை உரையாக எழுதும் இன்னொரு வடிவமான ஜேசனின் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஜேசன் பட்டியல் ஒன்றைச் சதுர அடைப்புக்குறியில் தொடங்கி அதிலேயே முடிக்க வேண்டும். முடிந்த கோப்பின் கடைசியில் எதைச் சேர்த்தாலும் அது அடைப்புக்கு வெளியே போய்விடும், மொத்தக் கோப்பும் செல்லாததாகிவிடும். அதற்குப் பதில் ஒரு வரிக்கு ஒரு தனி ஜேசன் என்று எழுதுங்கள். படிக்கும்போது எஃப்கெட்ஸ் கொண்டு வரி வரியாக எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். கருத்துக்குள் வரிமாற்றம் இருந்தாலும் ஜேசன் அதைக் குறியீடாக மாற்றிவிடுவதால் ஒரு பதிவு ஒரு வரி என்பது குலையாது. ஜேசன்_என்கோட் தமிழை இயல்பாக எண்குறியீடுகளாக மாற்றிவிடும். கோப்பைத் திறந்தால் தமிழாகவே தெரிய வேண்டுமென்றால் ஜேசன்_அன்எஸ்கேப்டு_யூனிகோட் என்ற கொடியைக் கொடுங்கள். இடமும் மிச்சமாகும்.

வெறும் உரைக் கோப்பாகவே வைத்திருந்தால், எழுதும் முன் பயனர் அனுப்பிய கருத்தில் உள்ள வரிமாற்றங்களை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் குறும்புக்காரர் ஒருவர் நடுவில் எண்டர் தட்டி, உங்கள் கோப்பின் வடிவத்திலேயே ஒரு போலிப் பதிவை நுழைத்துவிடுவார். நீங்கள் பார்க்கும்போது அது வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கும்.

கோப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் பாதுகாப்பு விஷயம்தான். இணையதளத்தின் பொது ஃபோல்டருக்குள் வைத்தால் முகவரியைத் தட்டி எவரும் அதைத் திறந்து படிக்கலாம். அதன் பெயர் பிஎச்பி என்று முடிந்தால் இன்னும் விபரீதம். யாராவது கருத்துப் பெட்டியில் நிரல் எழுதி அனுப்பினால், அது கோப்பில் சேர்ந்து, அடுத்து திறக்கும்போது சர்வரில் ஓடும்! பொது ஃபோல்டருக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள். கருத்தைப் பக்கத்தில் காட்டும்போது எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாகக் காட்டுங்கள்.

மேலே சேர்க்க முடியாதா?

புதிய கருத்து மேலே வர வேண்டும் என்று விரும்புவது இயல்பு. ஆனால் கோப்பின் தலையில் சேர்க்க மோட் எதுவும் கிடையாது. கோப்பு என்பது பைட்டுகளின் வரிசை. வரிசையின் வாலில் ஒருவர் வந்து நின்றால் யாரும் நகர வேண்டாம், தலையில் வந்து நின்றால் எல்லோரும் ஓர் அடி பின்னால் போக வேண்டும். கோப்பிலும் அப்படித்தான், தலையில் ஒரு வரி சேர்க்க மொத்தத்தையும் திரும்ப எழுதியாக வேண்டும். செய்துதான் ஆக வேண்டுமென்றால், தற்காலிகக் கோப்பில் முதலில் புதியதை எழுதி, பின்னால் பழையதை ஊற்றி, ரீநேம் கொண்டு பெயரை மாற்றுங்கள். லினக்ஸில் இரண்டும் ஒரே வட்டுப் பகுதியில் இருந்தால் பெயர் மாற்றம் பாதியில் நிற்காது. படிப்பவருக்குப் பழையது முழுவதாகவோ புதியது முழுவதாகவோதான் கிடைக்கும்.

ஆனால் இவ்வளவு பாடு தேவையில்லை. எழுதும்போது கடைசியிலேயே சேர்த்துவிட்டு, காட்டும்போது வரிகளைத் தலைகீழாக்கிக் காட்டினால் ஆயிற்று.

கோப்பு ஓயாமல் வளர்வதைத் தடுக்க, பெயரிலேயே தேதியைச் சேர்க்கலாம். இன்றைய தேதியில் கோப்பு இல்லையென்றால் 'ஏ' மோடே உருவாக்கிக்கொள்ளும் என்பதால், நள்ளிரவுக்குப் பிறகு வரும் முதல் பதிவு தானாகவே புதுக் கோப்பில் விழும். பிழைகளைக் குறித்து வைக்க மட்டும் என்றால் எர்ரர்_லாக் ஃபங்ஷனுக்கு இரண்டாவதாக 3 என்றும், மூன்றாவதாகக் கோப்பின் பாதையையும் கொடுங்கள். அதுவும் கடைசியில் சேர்த்தே எழுதும், வரிமாற்றத்தை மட்டும் நீங்கள் போட வேண்டும்.

சேர்ப்பது மட்டும் போதாது, நடுவில் இருக்கும் ஒரு கருத்தைத் திருத்த வேண்டும், நீக்க வேண்டும், தேட வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால் உரைக் கோப்போடு மல்லுக்கட்டாதீர்கள். எஸ்கியூலைட் ஒரே கோப்பில் இயங்கும் டேட்டாபேஸ், தனி சர்வர் வேண்டாம், டேட்டாபேஸோடு பேச பிஎச்பி தரும் பிடிஓ வழியாக பிஎச்பியிலிருந்தே பேசலாம். அதுவரை வந்த கருத்துகளை ஒரு வரிக்கு ஒன்றாக ஒழுங்காக எழுதி வைத்திருந்தால், அவற்றை அங்கே மாற்றுவது ஒரு சின்னச் சுழற்சி வேலைதான்.